குறைந்த செலவில் பிரிட்டிஷ் பப்: நகர மையத்தில் சாப்பிடவும் குடிக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிற நம்மவர்களில் பலர் முதல் சில மாதங்கள் பப் பக்கமே போவதில்லை. பப் என்றதும் மங்கலான வெளிச்சம், காதைப் பிளக்கும் பாட்டு, வாசலில் நுழைவுக் கட்டணம் என்று ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. இங்குள்ள சாதாரண பப் அப்படி இருக்காது. காலையில் ஓய்வுபெற்றவர்கள் காபியை வைத்துக்கொண்டு செய்தித்தாள் படிப்பார்கள். மதியம் குழந்தை குட்டியோடு குடும்பங்கள் சாப்பிடும். மாலையில் அலுவலகக் கூட்டம் வரும். உள்ளே போகக் கட்டணம் இல்லை, மது குடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நகர மையத்தில் மழைக்கு ஒதுங்கி, சூடாக ஏதாவது சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் யாரும் எழுப்பிவிடாமல் உட்கார இதைவிட மலிவான இடம் கிடைப்பது கஷ்டம்.

புதிதாகப் போகிறவரைத் தடுமாற வைப்பது ஒரே ஒரு விஷயம்தான். அங்கே யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். மேசையில் உட்கார்ந்து காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நீங்களே எழுந்து போய்க் கேட்க வேண்டும். அதோடு, செலவைக் குறைக்கிற பல சலுகைகள் கேட்பவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்: இலவசத் தண்ணீர், சின்ன கிளாஸ், ருசி பார்க்க ஒரு மடக்கு. என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று தெரிந்துகொண்டால் போதும்.

படி 1: எந்த பப் என்று முடிவு செய்யுங்கள்

மலிவு என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது வெதர்ஸ்பூன். உள்ளூர்க்காரர்கள் ‘ஸ்பூன்ஸ்’ என்பார்கள். டிம் மார்ட்டின் 1979-இல் வடக்கு லண்டனில் தொடங்கிய நிறுவனம் இது. இன்று நாடு முழுக்க ஏறத்தாழ 800 பப்கள். விலை குறைவு என்பதோடு கட்டடங்களுக்காகவும் இவற்றைப் பார்க்கலாம். பழைய வங்கி, திரையரங்கு, அஞ்சலகம் போன்ற பெரிய கட்டடங்களை வாங்கிப் புதுப்பித்துப் பப் ஆக்குவது இவர்கள் வழக்கம். லண்டன் கிரேஸ்சர்ச் தெருவில் உள்ள ‘கிராஸ் கீஸ்’ ஒரு காலத்தில் ஹாங்காங் ஷாங்காய் வங்கி. எடின்பரோவின் ‘ஸ்டாண்டிங் ஆர்டர்’, கிளாஸ்கோவின் ‘கவுண்டிங் ஹவுஸ்’ இரண்டும் வங்கிகளாக இருந்தவை. டன்பிரிட்ஜ் வெல்ஸ் ஊரில் உள்ளது பழைய ஓபரா அரங்கம், பால்கனிகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஒரு காபி விலையில் இந்தக் கூரைகளுக்குக் கீழே உட்காரலாம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. பெரும்பாலான கிளைகளில் பாட்டு கிடையாது என்பதால் நிம்மதியாகப் பேசவும் முடியும்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரே நிறுவனம் என்றாலும் எல்லாக் கிளையிலும் ஒரே விலை இல்லை. ரயில் நிலையம், விமான நிலையம், மத்திய லண்டன் கிளைகளில் விலை கூடும். பத்து நிமிடம் நடந்து அடுத்த கிளைக்குப் போனால் அதே உணவு குறைவாகக் கிடைக்கலாம். நிறுவனத்தின் செயலியில் கிளையைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கிளையின் விலைப்பட்டியல் தெரியும். போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது சாமுவேல் ஸ்மித். யார்க்‌ஷயரின் டாட்காஸ்டர் ஊரில் 1758-இல் தோன்றிய மதுவடிப்பு ஆலை. அவர்கள் பப்களில் பெரும்பாலும் அவர்கள் பெயரிலேயே வரும் பானங்கள்தான் கிடைக்கும். வெளி நிறுவனங்களின் விளம்பரச் செலவு சேராததால் சுற்றுவட்டாரத்தோடு ஒப்பிட்டால் விலை குறைவாக இருப்பது வழக்கம். இங்கே பாட்டும் கிடையாது, தொலைக்காட்சியும் கிடையாது. 2019 முதல் உள்ளே கைப்பேசி பயன்படுத்தவும் தடை. அழைப்பு வந்தால் வெளியே போய்த்தான் பேச வேண்டும். லண்டன் ஃப்ளீட் தெருவில் 1667-இல் திரும்பக் கட்டப்பட்ட ‘யே ஓல்ட் செஷயர் சீஸ்’, ஹோபோர்னில் உள்ள ‘பிரின்சஸ் லூயிஸ்’ இரண்டும் இவர்களுடையவை. பிரின்சஸ் லூயிஸில் விக்டோரியா காலத்து ஓடுகளும், செதுக்குக் கண்ணாடி வைத்த சின்னச் சின்னத் தடுப்பறைகளும் இருக்கின்றன. கண்டிப்பாக ஒருமுறை பாருங்கள்.

இவை தவிர ஒவ்வொரு நகரத்திலும் தனியார் பப்கள் உண்டு. பிரதான கடைத்தெருவை விட்டு இரண்டு சந்து உள்ளே தள்ளி இருப்பவற்றில் விலை இறங்கும். வாசலில் கரும்பலகையில் மெனுவும் விலையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சில பப்களில் சாப்பாடே கிடையாது, பானங்கள் மட்டும்தான். பசியோடு போனால் ஏமாற்றம்தான்.

கால்பந்து ஆட்டம் இருக்கிற நாளில் மைதானத்துக்கோ பெரிய ரயில் நிலையத்துக்கோ பக்கத்தில் உள்ள பப்களைத் தவிர்ப்பது நல்லது. கூட்டம் நெரியும். சில இடங்களில் உள்ளூர் அணி ரசிகர்களை மட்டும்தான் விடுவார்கள். வெள்ளி மாலை ஐந்து முதல் ஏழு வரை அலுவலகக் கூட்டம். மலிவாகவும் அமைதியாகவும் வேண்டுமானால் வாரநாள் மதியம் இரண்டு முதல் நான்கு வரை போய்ப் பாருங்கள்.

படி 2: அடையாள அட்டை

மது வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான பப்கள் ‘சேலஞ்ச் 25’ என்ற வழக்கத்தைப் பின்பற்றுகின்றன. பார்க்க 25 வயதுக்குள் தெரிந்தால் அட்டை கேட்பார்கள். உங்களுக்கு 28 ஆகியிருந்தாலும் கேட்கலாம். அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வயது குறைந்தவருக்கு விற்றால் பப்பின் உரிமத்துக்கே ஆபத்து.

பாஸ்போர்ட், பிரிட்டிஷ் ஓட்டுநர் உரிமம், வயதை நிரூபிக்கும், ஹோலோகிராம் முத்திரையுள்ள ‘பாஸ்’ அட்டை ஆகியவற்றை ஏற்பார்கள். கல்லூரி அட்டையை ஏற்க மாட்டார்கள். இந்திய, இலங்கை ஓட்டுநர் உரிமத்தையும் பல இடங்களில் மறுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரவில் அலைவது சரியில்லை. தொலைந்தால் தூதரகம் வரை ஓட வேண்டும். மாணவர்கள் வந்த கையோடு பிரிட்டனின் தற்காலிக ஓட்டுநர் உரிமத்துக்கோ ‘பாஸ்’ அட்டைக்கோ விண்ணப்பித்துவிடுவது நல்லது. மது வாங்காமல் சாப்பிட மட்டும் போனால் பகலில் பொதுவாக அட்டை தேவைப்படாது. இரவு ஒன்பதுக்கு மேல் வாசலில் காவலர் நின்றால் எல்லோரிடமும் கேட்பார்.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்றால், பகலில் பெரும்பாலான இடங்களில் போகலாம். மாலை ஏதோ ஒரு நேரத்துக்குப் பிறகு குழந்தைகளுக்கு அனுமதி இருக்காது, அது பப்புக்குப் பப் மாறும். உள்ளே நுழைந்ததும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: இடம் பிடித்து, மேசை எண்ணைப் பாருங்கள்

உள்ளே போனதும் யாரும் வரவேற்று உட்கார வைப்பார்கள் என்று நிற்காதீர்கள். காலியாக இருக்கிற மேசையில் நீங்களே உட்காரலாம். ‘ரிசர்வ்ட்’ அட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பாதி காலியான பெரிய மேசை என்றால், “இங்கே யாராவது இருக்கிறார்களா?” என்று கேட்டுவிட்டு உட்காரலாம்.

மேசையின் ஓரத்தில் ஒரு எண் ஒட்டியிருக்கும், அல்லது சின்னத் தகட்டில் பதித்திருக்கும். சாப்பாடு வாங்கப் போகும் முன் அதைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தனியாக வந்திருந்தால் நாற்காலியில் மேல்சட்டையைப் போட்டுவிட்டுப் போகலாம். கைப்பேசி, மடிக்கணினி, பணப்பை எதையும் விட்டுப் போகாதீர்கள். நகர மையப் பப்களில் பை திருட்டு உண்டு.

படி 4: கவுண்டரில் நிற்பது

பிரிட்டனில் எங்கும் வரிசை உண்டு, ஆனால் பப் கவுண்டரில் பெரும்பாலும் நேர்வரிசை இருக்காது. நீளமான கவுண்டர் முழுக்க ஆட்கள் பரவி நிற்பார்கள். யாருக்குப் பிறகு யார் வந்தார்கள் என்பதைக் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். நமக்கு முன்னால் யார் நின்றார்கள் என்பதை நாமும் கவனிக்க வேண்டும். உங்களை முதலில் கேட்டுவிட்டால், முன்பே வந்தவரைக் காட்டி “இவர் முதலில் வந்தார்” என்று சொல்வதுதான் மரியாதை. அவர் நன்றி சொல்வார், அடுத்து உங்கள் முறை. சமீப காலமாகச் சில இடங்களில் கவுண்டர் ஓரத்தில் ஒற்றை வரிசை நிற்பதையும் பார்க்கலாம். அப்படி இருந்தால் அதன் கடைசியில் போய் நின்றுகொள்ளுங்கள்.

கையைத் தட்டுவது, விரலைச் சொடுக்குவது, பணத்தை ஆட்டுவது, “ஹலோ” என்று கத்துவது எதுவும் கூடாது. கவுண்டரை ஒட்டி, கண்ணில் படுகிற மாதிரி நின்றால் போதும். கண் சந்தித்ததும் லேசாகத் தலையசைத்தால் அவர்களுக்குப் புரியும்.

முறை வருவதற்குள் என்ன வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள். நண்பர்கள் நான்கு பேருக்கும் சேர்த்து வாங்குவதானால் முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். கின்னஸ் என்ற கருப்பு பீர் இருந்தால் அதை முதலில் சொல்ல வேண்டும். பாதி ஊற்றி, நுரை அடங்கவிட்டு, பிறகு நிரப்புவார்கள். ஏறக்குறைய இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் மற்றவற்றை எடுத்துவிடலாம். கடைசியில் சொன்னால் எல்லோரும் அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு வேண்டுகோளிலும் “ப்ளீஸ்”, கையில் வாங்கியதும் “தேங்க்ஸ்” அல்லது “சியர்ஸ்”. நமக்கு இது மிகையாகத் தோன்றலாம். தமிழில் மரியாதை வினைமுற்றிலேயே வந்துவிடுகிறது, இங்கே அதைத் தனிச் சொல்லாகத்தான் சொல்ல வேண்டும்.

செயலி வழியாக வாங்குவது இன்னொரு வழி. வெதர்ஸ்பூனில் மேசை எண்ணைப் போட்டு, அட்டையில் பணம் கட்டினால் பானமும் உணவும் மேசைக்கே வந்துவிடும். தனியாக வந்தவர்களுக்கும், ஆங்கில உச்சரிப்பில் தயக்கம் உள்ளவர்களுக்கும், கூட்டத்தில் நிற்க முடியாத வயதானவர்களுக்கும் இது பெரிய வசதி. ஒவ்வாமை, சைவக் குறி, கலோரி எல்லாம் ஒவ்வொரு உணவின் கீழும் தெரியும். இருந்தாலும் முதல் சில முறை கவுண்டருக்குப் போய் வாங்கிப் பழகுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ருசி பார்க்கக் கேட்பதும் “இன்று எது நன்றாக இருக்கும்?” என்று கேட்பதும் திரையில் நடக்காது.

படி 5: அளவு தெரிந்து கேளுங்கள்

குழாயிலிருந்து வரும் பீரும், ஆப்பிள் மதுவான சைடரும் சட்டப்படி குறிப்பிட்ட அளவுகளில்தான் விற்கப்படும். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. பாதி 284 மில்லி. மூன்றில் ஒரு பங்கும் உண்டு, 2011 முதல் மூன்றில் இரண்டு பங்கும் உண்டு. அளவு சொல்லாமல் பீர் பெயரை மட்டும் சொன்னால் பெரும்பாலும் பைண்ட்தான் ஊற்றுவார்கள். பாதி போதும் என்றால் “எ ஹாஃப் ஆஃப்” என்று தொடங்கிச் சொல்லுங்கள். பாதி வாங்குவதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. இரண்டு வகை பீரை ருசி பார்க்க நினைப்பவருக்கு அதுதான் சரியான அளவு.

ஜின், ரம், வோட்கா, விஸ்கி ஆகியவை 25 அல்லது 35 மில்லி அளவில் வரும். எது என்று பப்பில் எழுதி வைத்திருப்பார்கள். “டபுள் ஆக்கவா? ஒரு பவுண்டுதான் கூட” என்று கவுண்டரில் கேட்பது வழக்கம். கணக்கில் லாபம் போலத் தெரியும், ஆனால் நீங்கள் குடிக்க நினைத்ததைவிட இரண்டு மடங்கு உள்ளே போகும். வேண்டாம் என்றால் “சிங்கிள், ப்ளீஸ்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒயினில் 125, 175, 250 மில்லி. அளவு சொல்லாவிட்டால் சிலர் பெரிய கிளாஸையே நீட்டுவார்கள். 250 மில்லி என்பது ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. இங்கிலாந்து, வேல்ஸில் 125 மில்லி கிளாஸ் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. மெனுவில் கண்ணில் படாவிட்டாலும் கேளுங்கள்.

குழாயில் ஊற்றிய பீரில் நுரை அதிகமாகி அளவு குறைவாகத் தெரிந்தால், “குட் யூ டாப் தட் அப், ப்ளீஸ்?” என்று கிளாஸை நீட்டலாம். முகம் சுளிக்காமல் நிரப்பிக் கொடுப்பார்கள். ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கேட்பதுதான் தவறு.

படி 6: எதைக் குடிப்பது

பிரிட்டிஷ் பப்புக்கே உரியது கேஸ்க் ஏல். பீப்பாயிலேயே இரண்டாவது முறை நொதித்து, கைப்பம்ப்பால் இழுத்து ஊற்றப்படும் பீர். கவுண்டரில் நீளமான கைப்பிடிகள் நின்றால் அவை இதற்குத்தான். பாதாள அறையின் வெப்பநிலையில், சுமார் 11 முதல் 13 டிகிரியில் வரும். ஐஸ் போல இருக்கும் என்று எதிர்பார்த்தால் வெதுவெதுப்பாகத் தோன்றும், நுரையும் வாயுவும் குறைவு. அது பழுதல்ல, அந்தக் குளிர்ச்சியில்தான் மால்ட் என்ற முளைகட்டிய பார்லியின் மணமும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் நாக்குக்குத் தெரியும். பெரிய பீர் நிறுவனங்கள் இந்த முறையைக் கைவிடத் தொடங்கியபோது அதைக் காப்பாற்ற 1971-இல் ‘காம்ரா’ என்ற நுகர்வோர் இயக்கம் தொடங்கியது. இன்றும் அது நடக்கிறது.

மலிவு தேடுபவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி. பல பப்களில் கேஸ்க் ஏல்தான் குழாய் பீர்களிலேயே விலை குறைந்தது. வெளிநாட்டுப் பெயர் கொண்ட லாகர்கள் (குளிரவைத்து ஊற்றும் வெளிர் பீர்) ஒன்றரை மடங்கு விலைக்குப் போகும் இடங்களில்கூட ஏல் விலை குறைவாக இருக்கும். எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் “கேன் ஐ ட்ரை அ டேஸ்ட் ஆஃப் தட்?” என்று கேளுங்கள். சின்ன கிளாஸில் ஒரு மடக்கு இலவசமாகத் தருவார்கள். ஒன்று, இரண்டு கேட்கலாம். கூட்ட நேரத்தில் ஐந்தாறு கேட்பது நியாயமில்லை. வாங்கிய பிறகு புளிப்பேறியோ வினிகர் போலவோ இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம், மாற்றித் தருவார்கள்.

சுத்த சைவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. கேஸ்க் ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைப் பல ஆலைகள் இன்னும் பயன்படுத்துகின்றன. கின்னஸ் சில ஆண்டுகளுக்கு முன்பே அதை விட்டுவிட்டது. விலங்குப் பொருள் எதுவும் சேராத, வீகன் குறியுள்ள பீர்கள் நிறைய உண்டு, கவுண்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மது வேண்டாதவர்களுக்கு வழி நிறைய இருக்கிறது. வெதர்ஸ்பூனில் காபி, டீ வாங்கினால் கோப்பையைத் திரும்பத் திரும்ப இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம். இயந்திரம் ஓரமாக இருக்கும், நாமே போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நகர மையத்தில் ஒரு மதியம் முழுக்கப் படிக்க உட்காருகிறவர்களுக்கு இதைவிடக் குறைந்த செலவு எனக்குத் தெரியவில்லை. மற்ற பப்களில் ‘சோடா அண்ட் லைம்’ கேளுங்கள். சோடாவில் எலுமிச்சைச் சாறு கலந்த சர்பத் ஊற்றித் தருவார்கள், பெரும்பாலும் கவுண்டரிலேயே குறைந்த விலை பானம் அதுதான். கோலா வகைகளில் பாட்டிலைவிடக் குழாயில் வருவது மலிவு. ஆல்கஹால் இல்லாத பீர்களும் எல்லா இடத்திலும் உண்டு, சிலவற்றில் 0.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும் என்பதால் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர் இலவசம். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் மது விற்க உரிமம் பெற்ற இடங்கள் வாடிக்கையாளர் கேட்டால் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும். “டேப் வாட்டர், ப்ளீஸ்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறும் “வாட்டர்” என்றால் பாட்டிலைத் திறந்துவிடுவார்கள், அதற்குக் காசு.

குடிப்பவர்கள் யூனிட் கணக்கைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால். 4 சதவீத பீர் ஒரு பைண்ட் 2.3 யூனிட், 5.2 சதவீதம் என்றால் ஏறக்குறைய 3. வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்டாமல் இருப்பது பாதுகாப்பு என்பது 2016-இல் பிரிட்டிஷ் தலைமை மருத்துவ அதிகாரிகள் வெளியிட்ட வழிகாட்டுதல். இரண்டு பைண்ட் ஏலில் நிறுத்தினால் பணப்பைக்கும் உடம்புக்கும் நல்லது.

படி 7: சாப்பாடு

முதலில் நேரம். வெதர்ஸ்பூன் மாதிரியான பெரிய நிறுவனங்களில் காலை முதல் இரவு வரை சமையலறை திறந்திருக்கும். தனியார் பப்களில் மதியம் பன்னிரண்டு முதல் இரண்டரை, மாலை ஆறு முதல் ஒன்பது என்ற மாதிரிதான். மூன்றரை மணிக்குப் போனால் சிப்ஸ் பாக்கெட்டும் வறுத்த கடலையும்தான். போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவுக்குத் தகுந்த உணவு காலை உணவுதான் என்பது என் கருத்து. வெதர்ஸ்பூனில் மதியம் வரை கிடைக்கும். தட்டில் முட்டை, தக்காளிச் சாறில் வெந்த பீன்ஸ், காளான், தக்காளி, துருவிய உருளைக்கிழங்கை வறுத்த ஹாஷ் பிரவுன், டோஸ்ட், கூடவே சாசேஜ், பன்றி இறைச்சித் துண்டுகளான பேக்கன். இதைச் சாப்பிட்டு முடித்தால் இரவு வரை பசிக்காது. ‘பிளாக் புட்டிங்’ என்று ஒன்று சேர்ந்து வரலாம். பெயரில் புட்டிங் இருந்தாலும் அது பன்றி ரத்தத்தில் செய்த சாசேஜ். வேண்டாம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மதியத்துக்கும் மாலைக்கும் ‘மீல் டீல்’ தேடுங்கள். பல உணவுகளின் விலையில் ஒரு குளிர்பானம் சேர்ந்தே வரும், கொஞ்சம் கூடக் கொடுத்தால் பீர். தனித்தனியே வாங்கினால் கணிசமாகக் கூடும். வாரத்தின் சில நாட்களில் கறி, பர்கர், மீன் என்று சிறப்பு விலையும் இருக்கும், நாளும் விலையும் மாறிக்கொண்டே இருப்பதால் அன்றைய மெனுவைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் ‘ஹேப்பி அவர்’ கிடையாது. அங்கே மது விலையை மாற்றினால் 72 மணி நேரமாவது அதே விலையில் விற்க வேண்டும் என்பது சட்டம். அதனால் மாலைச் சலுகைக்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை.

மாட்டிறைச்சி, பன்றி தவிர்ப்பவர்கள், சைவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். சாசேஜ் என்று மட்டும் எழுதியிருந்தால் பெரும்பாலும் பன்றி. ‘ஸ்டேக் அண்ட் ஏல் பை’ மாட்டிறைச்சி. ‘பர்கர்’ என்று மட்டும் இருந்தால் மாடு. ‘கேமன்’ என்பது பன்றித் தொடை. ‘ஸ்கேம்பி’ என்றால் மாவில் தோய்த்துப் பொரித்த இறால் வகை. மேலே ஊற்றும் குழம்பான கிரேவி பெரும்பாலும் இறைச்சிச் சாறில் செய்தது, சைவ உணவில்கூட அதே கிரேவி வந்துவிடலாம். ஞாயிறு மதிய ரோஸ்டில் உருளைக்கிழங்கையும் யார்க்‌ஷயர் புட்டிங் என்ற மாவுப் பண்டத்தையும் மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வேக வைப்பது உண்டு. ‘நட் ரோஸ்ட்’ என்ற சைவத் தட்டை வாங்கினாலும், “உருளைக்கிழங்கு எதில் வெந்தது?” என்று கேளுங்கள். உருளைக்கிழங்குச் சிப்ஸை மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரிப்பதும் சாதாரணம். வூஸ்டர் சாஸில் நெத்திலி மாதிரியான மீன் இருக்கும்.

மெனுவில் ‘வி’ என்ற குறி சைவம், ‘விஇ’ அல்லது ‘விஜி’ வீகன். முட்டையும் பாலும் இங்கே சைவத்தில் சேரும் என்பதை மறக்க வேண்டாம். தொல்லையில்லாமல் வயிறு நிறைய வேண்டுமானால் ஜாக்கெட் பொட்டேட்டோ: தோலோடு வேகவைத்த பெரிய உருளைக்கிழங்கைப் பிளந்து, மேலே பீன்ஸும் சீஸும். விலையும் குறைவு.

பப் கறி பற்றி ஒரு வார்த்தை. சோறு, நான், அப்பளம், மாங்காய்ச் சட்னியோடு தட்டு நிறைய வரும். காரம் நம் நாக்குக்கு எட்டாது. தக்காளியும் கிரீமும் சேர்ந்த இனிப்புச் சாயல் கொண்ட, பிரிட்டனிலேயே வளர்ந்த ஒரு தனி உணவு அது. வீட்டுக் குழம்பை எதிர்பார்க்காமல் சாப்பிட்டால் பிடிக்கும். ஹலால் பார்ப்பவர்கள் நேரடியாகக் கேட்டுவிட வேண்டும், பெரும்பாலான பப்களில் கிடையாது.

ஒவ்வாமை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். 14 வகை ஒவ்வாமைப் பொருட்கள் பற்றிய விவரத்தைத் தர வேண்டியது அவர்கள் கடமை. இங்கிலாந்தில் 250 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் 2022 ஏப்ரல் முதல் மெனுவில் கலோரியையும் எழுதுகின்றன. சர்க்கரை நோயாளிகளும் எடை பார்ப்பவர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கத்தி, முள்கரண்டி, சாஸ் எல்லாம் ஒரு மேசையில் பொதுவாக வைத்திருப்பார்கள், நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். காரம் வேண்டுமென்றால் அங்கேயே சில்லி சாஸும் இருக்கும்.

படி 8: ‘ரவுண்ட்’ வாங்குவது

நண்பர்களோடு போனால், ஒருவர் எழுந்து எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை இன்னொருவர். இதுதான் ரவுண்ட். உங்கள் முறை வருமுன் கிளம்பிவிட்டால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஆறு பேர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் ஆறு சுற்று குடிக்க வேண்டியிருக்கும், செலவும் எகிறும். மலிவாக முடிக்க நினைத்தால் உட்கார்ந்த உடனே, “நான் என்னுடையதை நானே வாங்கிக்கொள்கிறேன், சீக்கிரம் கிளம்ப வேண்டும்” என்று சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அல்லது இரண்டு, மூன்று பேராகப் பிரிந்து சின்ன ரவுண்ட் போடலாம். மது குடிக்காதவரும் ரவுண்டில் சேரலாம். அவருக்கு சோடா அண்ட் லைம் வாங்கித் தருபவர்களுக்கு அவரும் வாங்கித் தரலாம், ஆனால் கணக்கு சமமாக வராது. அதை நண்பர்களே புரிந்து சரி செய்வதுதான் அழகு.

படி 9: பணம்

வாங்கும்போதே பணம். கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் அட்டையைக் காட்டிக் கட்டலாம். பலகையில் உள்ள விலையில் 20 சதவீத வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கும், மேலே எதுவும் சேராது. சில இடங்களில் ‘டேப்’ என்ற கடன் கணக்கைத் திறந்து வைத்துக் கடைசியில் கட்டச் சொல்வார்கள். பட்ஜெட்டில் இருப்பவர்கள் அதைத் தவிர்த்து அப்போதைக்கப்போது கட்டினால் செலவு கண்ணில் தெரியும்.

கவுண்டரில் டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் இல்லை. சிறப்பாகக் கவனித்தார் என்று தோன்றினால் “அண்ட் ஒன் ஃபார் யுவர்செல்ஃப்” என்று சொல்லலாம். ஒரு பானத்துக்கான தொகையை அவர் தன் பங்காக எடுத்துக்கொள்வார். மேசைக்கே வந்து பரிமாறும் பப்களில் மட்டும் ரசீதில் சேவைக் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தால் நீக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

படி 10: பாதுகாப்பும் கிளம்புவதும்

கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், தெரியாதவர் வாங்கித் தரும் பானத்தைக் கவுண்டரிலிருந்து நேராக உங்கள் கைக்கே வாங்குங்கள். யாராவது தொல்லை கொடுத்தால், குறிப்பாகப் பெண்கள், கவுண்டரில் போய் “ஏஞ்சலா இருக்கிறாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்கலாம். 2016-இல் லிங்கன்ஷயரில் தொடங்கி நாடெங்கும் பரவிய ரகசியச் சொல் இது. அதைக் கேட்டதும் ஊழியர்கள் தனியே அழைத்துப் போய் உதவுவார்கள், டாக்சி பிடித்துக் கொடுப்பார்கள்.

புகை பிடிப்பது உள்ளே கூடாது. இங்கிலாந்தில் 2007 ஜூலை 1 முதல் தடை, ஸ்காட்லாந்தில் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. வெளியே கிளாஸோடு போகலாமா என்பதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அளவுக்கு மீறிக் குடித்தவருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம். நண்பருக்கு மறுத்தால் ஊழியரோடு வாக்குவாதம் செய்யாமல் தண்ணீர் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்துப் போங்கள். வண்டி ஓட்டி வந்திருந்தால் ஒரு துளியும் வேண்டாம். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50 மில்லிகிராம் என்று வரம்பு இருந்தாலும், எத்தனை பைண்ட் அந்த வரம்பைத் தொடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வாடகை இ-ஸ்கூட்டருக்கும் இதே சட்டம்தான்.

மூடும் நேரம் நெருங்கும்போது மணி அடித்து “லாஸ்ட் ஆர்டர்ஸ்” என்பார்கள். கடைசியாக வாங்க அதுதான் நேரம், அதற்குப் பிறகு கையில் உள்ளதை முடிக்கச் சிறிது நேரம் தருவார்கள். அந்த மணி வரை காத்திருக்காமல், உங்கள் கடைசிப் பேருந்தின் நேரத்தைச் செயலியில் பார்த்து அதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே எழுந்துவிடுங்கள். இரவு டாக்சிக்குக் கொடுக்கும் தொகை அன்று சாப்பிட்ட செலவைவிட அதிகமாகிவிடும். பெரிய பப்களில் கழிப்பறை மாடியிலோ அடித்தளத்திலோ தூரமாக இருக்கும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். கிளம்பும்போது காலி கிளாஸ்களைக் கவுண்டரில் வைத்து “சியர்ஸ்” சொல்லிவிட்டுப் போனால், அடுத்த முறை அதே முகம் உங்களைச் சீக்கிரம் கவனிக்கும்.